சிவலிங்கம் லண்டனில் வழக்காடிய கதை தெரியுமா?

ஒரு சிவலிங்கம் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடியிருக்கிறது, தெரியுமா? சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு அது!

1976. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூர். நிலம் இல்லாத ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசையருகே மண்ணை வெட்டும்போது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று நடராஜர். பக்கத்திலேயே இடிந்து கிடந்த 12-ஆம் நூற்றாண்டு விசுவநாதர் கோயிலுக்குச் சொந்தமானவர். ஆனால் அவர் போனது கோயிலுக்கு இல்லை. கை மாறி, கடல் தாண்டி லண்டனுக்குப் போய்விட்டார். 1982-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த 'பம்பர் டெவலப்மென்ட்' என்ற நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. சுத்தம் செய்து சீர்படுத்த பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பிய நேரத்தில் லண்டன் போலீஸ் கைப்பற்றியது. 'நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கினோம், திருப்பித் தாருங்கள்' என்று நிறுவனம் போலீஸ் மீதே வழக்குப் போட்டது.

எதிர்த்து உரிமை கோரியவர்கள் யார் யார் தெரியுமா? இந்திய அரசு. தமிழ்நாடு அரசு. கோயிலுக்கு நியமிக்கப்பட்ட தக்கார். அந்தக் கோயில். அப்புறம், இடிபாடுகளிலிருந்து எடுத்து மீண்டும் வழிபாட்டுக்கு வைக்கப்பட்ட சிவலிங்கம்! நம் சட்டத்தில் கோயில் தெய்வம் ஒரு 'சட்ட நபர்'. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். மைனர் பிள்ளைக்குக் கார்டியன் போல, அவர் சார்பில் ஒரு மனிதர் நீதிமன்றத்தில் நிற்பார். அன்றைய இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1925-லேயே இதை ஏற்றிருந்தது. ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தில் கோயில் வழக்காட வழியே கிடையாது. அப்படிப்பட்ட நாட்டின் நீதிமன்றம், 'உங்கள் ஊர்ச் சட்டம் ஏற்கிறது என்றால் நாங்களும் மதிக்கிறோம்' என்று கதவைத் திறந்துவிட்டது. தொல்லியலாளர் நாகசாமி போன்ற அறிஞர்கள் சாட்சி சொல்ல, 1988-ல் தீர்ப்பு கோயிலுக்கே சாதகமாக வந்தது. 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டே நடராஜர் தாய்நாடு திரும்பினார்.

பூசை நின்று, சுவர் சரிந்து, புதர் மண்டிப்போன ஒரு கோயில், பணமும் வக்கீல்களும் படைத்த கம்பெனியை உலகின் மறுகோடியில் வென்றது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

சாமியை ஒப்படைத்தார்கள் என்கிறோமே, இந்த இடத்தில் 'ஒப்படை' என்ற வினைச்சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். இரவல் வாங்கிய குடையை நாம் ஒப்படைப்பதில்லை, திருப்பிக் கொடுக்கிறோம். கண்டெடுத்த பர்ஸைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். பள்ளிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கிறோம். பட்டியல், கையெழுத்து, மகஜர், சாட்சி எல்லாம் அந்தச் சொல்லின் பின்னாலேயே வரும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, 'யாரிடம்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்த வினை முடியவே முடியாது. திருடுபோன சாமி ஊர் திரும்பும் ஒவ்வொரு கதையிலும் ஆச்சரியம் அந்த 'யாரிடம்' என்பதில்தான் ஒளிந்திருக்கிறது.

திருவரங்கத்து உற்சவருக்கு 'நம்பெருமாள்' என்ற பேர் எப்படி வந்தது, தெரியுமா? அதுவே ஓர் ஒப்படைப்பில் பிறந்த பேர்! 1323-ல் டில்லிப் படை வந்தபோது அழகிய மணவாளரைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு அடியார்கள் கிளம்பினார்கள். மதுரை, மலையாள நாடு, கன்னட நாட்டு மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று ஊர் ஊராக மறைந்து வாழ்ந்த பெருமாளை விஜயநகரத் தளபதி கோபண்ணர் 1371-ல் திருவரங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கல்வெட்டே இருக்கிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அதற்குள் கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. பழையவரை நேரில் கண்டவர்கள் அநேகமாக யாருமே உயிரோடு இல்லை. வந்தவர்தான் அசல் என்று யார் சொல்வது?

திருவரங்கக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்லும் மரபுச் செய்தி இது: பார்வை போன, வயது முதிர்ந்த ஒரு சலவைத் தொழிலாளியைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் பெருமாளின் ஈர ஆடைகளைத் துவைத்தவர் அவர். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடைகளை அவரிடம் கொடுத்தார்கள். அந்த ஈரத்தை வைத்தே அடையாளம் கண்டு, 'இவரே நம் பெருமாள்' என்று கைகாட்டினாராம். பட்டரும் அரசரும் அறிஞரும் தீர்க்க முடியாததை ஒரு சலவைத் தொழிலாளி தீர்த்துவைத்தார்! அவர் வாயிலிருந்து வந்த சொல்லே இன்றுவரை பெருமாளின் பேராக நிற்கிறது.

அந்த ஈர ஆடையின் வேலையை இருபதாம் நூற்றாண்டில் செய்தது எது தெரியுமா? கறுப்பு வெள்ளைப் புகைப்படம்!

புதுச்சேரியில் 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே ஆட்களைக் காமிராவோடு கிராமம் கிராமமாக அனுப்பியது. கட்டிடக்கலையும் சிற்பக்கலையும் ஆராய்வதுதான் அவர்கள் நோக்கம். திருட்டைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெரிய கோயில், சின்னக் கோயில், வௌவால் குடியிருக்கும் கோயில் என்று பாராமல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, ஊர்ப் பேரும் தேதியும் குறித்து அட்டைகளில் ஒட்டி வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்த அட்டைகள் சாட்சிக் கூண்டில் ஏறின!

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் களவு போனார். நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் மூலமாக 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விலைபோனார். பொய்யாகத் தயாரித்த காகிதங்கள், அவர் பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லின. புதுச்சேரிப் படமோ அவர் ஸ்ரீபுரந்தான் கோயிலில் நின்றதைக் காட்டியது! ஒவ்வொரு சோழத் திருமேனியும் மெழுகு உருவின் மேல் பூசிய களிமண் அச்சில் ஒரே முறை வார்ப்பது, அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. திருவாசியின் சுடர், பீடத்தின் தேய்மானம், உடைந்த விரல் நுனி எல்லாம் ரேகை மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லிக்கு வந்து, இந்த நடராஜரையும் விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரையும் நேரில் ஒப்படைத்தார். கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டு, 2022-ல் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டு தண்டனை பெற்றார்.

அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலின் ராமர், லட்சுமணர், சீதையும் அப்படித்தான். 1978-ல் திருட்டு. 1958-ல் எடுத்த புதுச்சேரிப் படம் சாட்சி. 2020-ல் லண்டனிலிருந்து மூவரும் திரும்பினார்கள். ராமருக்கு வனவாசம் பதினான்கு ஆண்டுதான். இந்த ராமர் ஊரை விட்டுப் பிரிந்திருந்தது அதைப் போல மூன்று மடங்கு!

இன்னும் பழைய சாட்சி ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைக் கவனித்துப் படித்திருக்கிறீர்களா? ராஜராஜனும் அவன் அக்காவும் தேவியரும் கொடுத்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழத்திலும் விரலிலும் அளந்து வெட்டியிருக்கிறார்கள். எத்தனை கை, ஆசனம் எப்படி, பீடம் எவ்வளவு, நகையில் எத்தனை முத்து என்பது வரை கணக்கு! பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று நடராஜர் பேரையே வைத்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சொத்துப் பதிவேடு அது, கல்லில் இருப்பதால் யாரும் கிழித்தெறிய முடியாதது. 'சிவன் சொத்து குல நாசம்' என்று பயமுறுத்தியதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. கணக்கும் எழுதி வைத்துவிட்டுத்தான் பயமுறுத்தினார்கள்!

ஆனால் போலி என்று ஒன்று இருக்கிறதே, அது அத்தனை கணக்கையும் ஏமாற்றும். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜரைக் கோயிலில் வைத்தார்கள். 1954-ல் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். பழுது நீங்கி வந்தது அச்சு அசலான நகல்! அசல் பம்பாய்க்குப் போய்விட்டது. ஊர் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தது நகலுக்கு. பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட் 1965-ல் வெளியிட்ட சோழச் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில் கோயிலில் இருப்பது போலி என்று எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் அசல் நிற்கவில்லை. அமெரிக்கக் கோடீசுவரர் நார்ட்டன் சைமன் ஒன்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். இந்திய அரசு விடாமல் வழக்காடி, 1976-ல் ஓர் உடன்பாடு கண்டது. பத்தாண்டுகள் அங்கே காட்சிக்கு வைத்துவிட்டு ஒப்படைக்க வேண்டும். 1986-ல் சொன்னபடி வந்து சேர்ந்தார்.

திரும்பி வந்த பொருளே மறுபடி களவு போய், அந்த இடத்தில் நகல் உட்கார்ந்த கதையும் உண்டு. துருக்கியிலிருந்து திருடப்பட்ட லிடிய நாட்டுப் புதையலை நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் மியூசியம் 1993-ல் திருப்பிக் கொடுத்தது. உஷாக் நகர அருங்காட்சியகத்தில் ஆர்ப்பாட்டமாக வைத்தார்கள். அதன் மணிமகுடம், சிறகு முளைத்த கடற்குதிரைத் தங்கப் பதக்கம். 2006-ல் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது போலி! அருங்காட்சியகத்தின் இயக்குநரே தண்டிக்கப்பட்டார். பதக்கம் ஜெர்மனியில் அகப்பட்டு 2013-ல் இரண்டாம் முறையாக நாடு திரும்பியது.

இதெல்லாம் புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னன் சைரஸ், அங்கே கொண்டுவந்து குவித்திருந்த வெளியூர்த் தெய்வங்களை அவரவர் கோயிலுக்கே திருப்பி அனுப்பியதாகக் களிமண் உருளையில் எழுதி வைத்தான். சாமியை ஊருக்கு ஒப்படைத்ததைப் பெருமையாகச் சொல்லும் சாசனம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே! பாபிலோன் இடிபாட்டில் 1879-ல் கிடைத்த அந்த உருளை இப்போது இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

சிசிலித் தீவின் செகஸ்தா நகரத்து டயானா தேவியின் கதையோ கல்லையும் கரைக்கும். கார்த்தேஜ்காரர்கள் அவள் வெண்கலச் சிலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கி.மு. 146-ல் கார்த்தேஜை வீழ்த்திய ரோமத் தளபதி சிப்பியோ, கொள்ளைப் பொருட்களையெல்லாம் தரம் பிரித்து, சிசிலி நகரங்களைக் கூப்பிட்டு அவரவர் பொருளை அவரவரிடம் ஒப்படைத்தான். வெற்றி பெற்ற சேனாதிபதி செய்கிற காரியமா இது! டயானா பழையபடி செகஸ்தாவின் பீடத்தில் ஏறினாள், பீடத்தில் சிப்பியோவின் பெயரையும் பொறித்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து வெர்ரஸ் என்றொரு ரோம ஆளுநர் வந்தான், கண்ணை வைத்தான், மிரட்டி வாங்கினான். ஊர்ப் பெண்கள் திரண்டுவந்து தேவிக்கு நறுநெய் பூசி, மாலை சாத்தி, சாம்பிராணி போட்டு எல்லை வரை வழியனுப்பினார்களாம். வெறும் பீடம் அவனைக் குற்றம் சொல்லியபடியே நின்றது. அதையும் பெயர்த்தெடுக்கச் சொன்னான்! கி.மு. 70-ல் சிசரோ அவனை நீதிமன்றத்தில் கிழித்த கிழியில், தீர்ப்புக்குக் காத்திராமல் ரோமை விட்டே ஓடினான். அவனை விசாரித்த மன்றம், ஆளுநர்கள் பறித்ததை மக்கள் திரும்பக் கேட்பதற்கென்றே ரோமில் ஏற்பட்ட மன்றம்.

எடை என்றால் எடை, எத்தியோப்பியாவின் ஆக்சும் தூண் கதை. 24 மீட்டர் உயரம், 160 டன்! 1937-ல் முசோலினி ரோமுக்குக் கொண்டுபோனார். 1947 உடன்படிக்கையில் தருவதாக இத்தாலி ஒத்துக்கொண்டது. தந்தது 2005-ல். மூன்று துண்டாக்கி, அந்தோனோவ் ராட்சத விமானத்தில் மூன்று நடையாகக் கொண்டுவந்து, 2008-ல்தான் நிமிர்த்தி நிறுத்தினார்கள். ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூட உட்கார்ந்த கல் இதைவிடப் பொறுமைசாலி. 1296-ல் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் கொண்டுபோனது, 1996-ல் ஒப்படைக்கப்பட்டது. சரியாக எழுநூறு ஆண்டுகள்! நடுவில் 1950 கிறிஸ்துமஸ் அன்று நான்கு ஸ்காட்லாந்து மாணவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் புகுந்து அதைத் தூக்கிவிட்டார்கள். இழுத்த இழுப்பில் கல் இரண்டாகிவிட்டது.

கண்டெடுத்ததை ஒப்படைப்பது பற்றி நம் ஊர்ச் சட்டத்தில் ஓர் அதிசயம் சொல்லட்டுமா? உங்கள் வயலை உழும்போது புதையல் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும். ஆம், பத்தே ரூபாய்! 1878-ல் வந்த புதையல் சட்டம். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. மறைத்தால் சிறை. தெருவில் கண்டெடுத்த பொருளுக்கும் 1872 ஒப்பந்தச் சட்டத்தில் விதி இருக்கிறது. எடுத்தவர் அதைத் தன்னிடம் நம்பிக் கொடுத்துவைத்த பொருள்போல் பார்த்துக்கொள்ள வேண்டும். பரிசு அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்கே போடலாம்!

மறுபடி அந்த 'யாரிடம்' கேள்விக்கு வருகிறேன், என்னைத் தூங்கவிடாத கேள்வி அது. வெனிஸ் நகரத்து மார்க் தேவாலயத்தின் நான்கு வெண்கலக் குதிரைகளை நெப்போலியன் 1797-ல் பாரிசுக்குக் கொண்டுபோனான். 1815-ல் அவன் வீழ்ந்ததும் வெனிசிடமே ஒப்படைத்தார்கள். ஆனால் வெனிஸ்காரர்கள் அந்தக் குதிரைகளை 1204-ல் கொள்ளையடித்தது கான்ஸ்டான்டினோபிளில்! நைஜீரியாவில் இன்னொரு விதம். 1897-ல் பெனின் நகரத்தைச் சூறையாடிய பிரிட்டிஷ் படை எடுத்துப்போன வெண்கலச் சிற்பங்களில் ஒரு பகுதியை ஜெர்மனி 2022-ல் திருப்பித் தந்தது. மறு ஆண்டே நைஜீரிய அதிபர், அந்தச் சிற்பங்களுக்கு உரிமையாளர் பெனின் அரசரான 'ஓபா'தான் என்று அரசாணை போட்டார். நாட்டின் சொத்தா, அரசகுலத்தின் சொத்தா என்று உலகமே வாதிட்டது.

நம்மைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு விடை ஆயிரம் ஆண்டாகத் தெளிவு. சாமியின் சொத்து சாமிக்கு, அவர் இருக்கிற ஊரில். அப்படியானால் விமான நிலையத்தில் காமிரா வெளிச்சத்தில் கைகுலுக்கும்போது ஒப்படைப்பு முடிவதில்லை. மீட்கப்பட்ட திருமேனி முதலில் 'வழக்குச் சொத்து'. நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். ஊர்க் கோயிலில் காவல் இல்லை, கதவு இல்லை என்றால் பாதுகாப்பு மையத்துக்குப் போகும். திருவாரூர் போன்ற மையங்களின் இரும்புக் கதவுக்குள் எத்தனையோ உற்சவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். திருவிழாவன்று மட்டும் காவலோடு ஊருக்கு வந்து, உலா முடிந்து திரும்புகிற சாமிகளும் உண்டு. பாதுகாப்பு தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீபமும் நைவேத்தியமும் காணாமல் பெட்டக அறையில் நிற்கும் சாமியை, ஊர் வந்து சேர்ந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் நடந்ததைக் கேளுங்கள். குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் களவு போனார். துப்புக் கிடைக்கவில்லை என்று இரண்டே ஆண்டில் வழக்கை மூடிவிட்டார்கள். அவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், 2001 முதல் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். 2019 செப்டம்பரில் தில்லிக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினார்! மேளம், மாலை, சிவபுராணம் பாடும் கூட்டம். அங்கிருந்து தாமிரபரணிக் கரைக்கே, தன் ஊருக்கே போய்ச் சேர்ந்தார். முப்பத்தேழு ஆண்டுக் காத்திருப்பு. தன் ஊருக்குள் அவர் கால் வைத்த அன்றுதான் 'ஒப்படை' என்ற வினை உண்மையில் முற்றுப்பெற்றது.

இன்னொருவரைப் பற்றியும் நான் ஆவலோடு எண்ணிக்கொண்டிருக்கிறேன். கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலின் திருமங்கையாழ்வார். வழிப்பறி செய்து அடியார்க்கு அமுது படைத்து, பெருமாளையே வழிமறித்து, அதனாலேயே ஆட்கொள்ளப்பட்டவர் என்று வைணவ மரபு கொண்டாடும் ஆழ்வார். அவர் திருமேனியையே திருடிவிட்டார்கள்! 1967-ல் லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் வாங்கியது. 1957-ல் அந்தக் கோயிலில் எடுத்த புதுச்சேரிப் படம் கிடைத்ததும் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லியது. 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்படைக்கச் சம்மதித்தது. அவரை எந்தக் கதவுக்குள் வைப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் இனி நாம்தான்.